இரண்டாம் வாசிப்பு

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஓடைமட்டம் எஸ்டேட்டில் வீடு வீடாக ஏறி இறங்கிப் புழு மாத்திரை கொடுத்தவள் தவமணி. அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடமாட்டாள். விழுங்கும்வரை நின்று, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாசலுக்குப் போவாள். நாலு லைன் வீடுகளிலும் அவளுக்குப் பயப்படாத ஆள் கிடையாது. ஆறு வருஷத்தில் அந்த மலையில் வயிறு ஊதி, கால் குச்சியாய் நிற்கும் பிள்ளை ஒன்றுகூட இல்லை என்று மேலிடத்தில் அவளைப் பாராட்டிக் கேடயம் கொடுத்தார்கள்.

அந்தக் கேடயத்தை அவள் இப்போது பீரோவுக்குப் பின்னால் திருப்பி வைத்திருக்கிறாள்.

எஸ்டேட்டை நடத்திய கம்பெனி கைவிட்டுப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. நிலம் சர்க்கார் கைக்கு வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் அங்கே குடியிருந்த குடும்பங்களுக்கு வீடும் அரை ஏக்கர் தேயிலையும் சொந்தம், மற்றவர்கள் ஆறு மாதத்தில் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. முப்பது வருஷத்தை நிரூபிப்பது எப்படி என்பதில்தான் சிக்கல். எஸ்டேட் ஆபீஸும் அதில் இருந்த பேரேடுகளும் ஒரு மழையில் மண்ணோடு சரிந்து பள்ளத்தில் போய்விட்டன. வேறு காகிதம் எதையும் சர்க்கார் நம்பத் தயாராக இல்லை. நூறு வருஷத்துப் பழைய காகிதத்தையும் அச்சுப் பிசகாமல் செய்து கொடுக்கும் மிஷின்கள் தெருவுக்குத் தெரு வந்துவிட்ட காலம் அது.

அதனால் புழுவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்.

எஸ்டேட்டின் பழைய ஆஸ்பத்திரியில் ஒரு அறையை வெள்ளையடித்து, வாசிப்பு மிஷினை வைத்து, அதை இயக்கத் தவமணியையே போட்டார்கள். மக்கள் மலத்தைச் சின்ன டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தால், ஆறு நாளில் மிஷின் ஒரு துண்டுச்சீட்டைத் துப்பும். வயிற்றுப் புழு எந்த ஊர் மண்ணில் ஏறியது, எத்தனை ஆண்டாக உள்ளே இருக்கிறது என்று அதில் இருக்கும்.

மூன்றாம் லைன் பவளக்கொடிக்கு வந்த சீட்டில் ‘தடம் இல்லை’ என்று இருந்தது.

“நான் இங்கயே பொறந்தவ நர்ஸம்மா. எங்கம்மா கொழுந்துக் கூடையை எறக்கி வச்ச கையோட என்னைப் பெத்தாங்க. எனக்கு எப்படிங்க இல்லாமப் போகும்?”

“உனக்கும் இருந்துச்சு பவளம்,” என்றாள் தவமணி. “நான்தானே மாத்திரை கொடுத்தேன்.”

பவளக்கொடி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஐம்பது வயது. மெலிந்த, உயரமான பெண். கொழுந்து பறித்துப் பறித்து விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது.

“ஒரு புழு எப்படிங்க சாட்சி சொல்லும்?”

“மத்த புழு மாதிரி இல்ல இது. நூல் துணுக்கு மாதிரி இருக்கும், கண்ணுக்குக்கூடத் தெரியாது. கக்கூஸ் இல்லாத எடத்துல ஈர மண்ணுல கிடக்கும். வெறுங்கால்ல மிதிச்சா தோலைத் துளைச்சுக்கிட்டு உள்ள போயிடும். போனது லேசுல வெளிய வராது. குடல்லயே குஞ்சு பொரிச்சு, அந்தக் குஞ்சு மறுபடி அதே உடம்புக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டுக் குடலுக்கே வந்து சேரும். அந்தக் காலத்துல பர்மாவுல ரயில் பாதை போட்ட வெள்ளைக்காரக் கைதிங்க ஊருக்குப் போய் அம்பது வருஷம் கழிச்சும் அவங்க வயித்துல அது இருந்துச்சாம்.”

“அவ்வளவு காலமா?”

“பிரேசில், ஆப்பிரிக்கா, தாய்லாந்து, நம்ம மலைன்னு மழையும் வறுமையும் எங்கெல்லாம் ஒண்ணா இருக்கோ அங்கெல்லாம் இது இருக்கு. உலகத்துல அறுபது கோடிப் பேர் வயித்துல இருக்கும்னு கணக்குச் சொல்றாங்க. ஆனா ஊருக்கு ஊர் அதோட வம்சம் வேற. ஒவ்வொரு தலைமுறைக்கும் அதுக்குள்ள இருக்கற எழுத்துல ஒண்ணு ரெண்டு பிழை விழும். மிஷின் அந்தப் பிழையை எண்ணி எத்தனை வருஷம்னு சொல்லிடும்.”

பவளக்கொடி சீட்டை மடித்து முந்தானையில் முடிந்தாள்.

“அப்ப மாத்திரை சாப்பிட்டவங்கெல்லாம் வெளியூர்க்காரங்க. அப்படித்தானுங்களே?”

தவமணி மேஜைமேல் இருந்த சீட்டுகளை எண்ணினாள். அந்த வாரம் மட்டும் இருபத்தேழு சீட்டில் ‘தடம் இல்லை’ என்று வந்திருந்தது. இருபத்தேழு பேரின் நாக்கையும் நீட்டச் சொல்லிப் பார்த்தவள் அவள்.

பவளக்கொடியின் வீட்டுக்காரர் மாரிக்கண்ணு மட்டும் தப்பியிருந்தார். மாத்திரை வந்திருக்கிறது என்று தெரிந்தால் அந்தக் காலத்தில் கொழுந்து லாரியில் ஏறிக் காணாமல் போய்விடுவார். ஒருமுறை விழுங்கித் தலை சுற்றி விழுந்ததைப் பார்த்த பயம், அதுவும் அவருக்கு வந்த தலைச்சுற்றல் இல்லை, பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்தது. அவருடைய சீட்டில் ‘ஓடைமட்டம், 48 ஆண்டுகள்’ என்று தெளிவாக வந்தது. ஆறு வயதில் ஓடைக்கரையில் மிதித்த மண்.

அன்றைக்கு மூன்றாம் லைனில் கறிச்சோறு. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் தாமரைக்குப் போன் போட்டு, “உங்கப்பன் வயித்துப் புழு நமக்கு வீடு வாங்கிக் குடுத்துருச்சுடி,” என்று பவளக்கொடி சிரித்தாள்.

ஆனால் ஒரு வாசிப்பு போதாது. டப்பாவை மாற்றி வைக்கிறார்கள் என்று புகார் வந்ததால், தொண்ணூறாம் நாள் இன்னொரு வாசிப்பு எடுக்க வேண்டும், இரண்டும் பொருந்த வேண்டும் என்று விதி. அதுவரை புழு உள்ளே இருந்தாக வேண்டும்.

மாரிக்கண்ணுவுக்கு மூச்சிறைப்பு உண்டு. ஃபாக்டரியில் தேயிலை காயவைக்கும் அறையில் முப்பது வருஷம் தூசு குடித்த நெஞ்சு. அது தெரிந்த நாளிலிருந்து தவமணிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பட்டா மனுக்களைப் பார்க்கும் தனி வட்டாட்சியர் இளம்பரிதியிடம் போனாள். சின்ன வயசுக்காரர், குரலை உயர்த்தாதவர்.

“ஒருத்தருக்கு மட்டும் ரெண்டாம் வாசிப்பை முன்னாடியே எடுத்துடலாமா சார்? உடம்பு முடியாதவர். எடுத்த கையோட மாத்திரை கொடுத்துடுவேன்.”

“சட்டத்துல தொண்ணூறுன்னு இருக்கு மேடம். எண்பத்தொன்பதுல எடுத்தாலும் செல்லாது. யாராவது கேஸ் போட்டா மொத்த எஸ்டேட்டோட பட்டாவும் நின்னுடும்.”

அவர் சொன்னதும் பொய்யில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தவமணி மூன்றாம் லைனுக்கு ஏறினாள். ஆடி மாதச் சாரல். வழியில் ஓடைக்கரையில், கக்கூஸ் தண்ணீர் வழிந்து கலக்கும் இடத்தில், ஏழெட்டுப் பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கணுக்கால் சேற்றில் நின்றிருந்தார்கள். யாரும் துணி துவைக்கவில்லை. ஒருத்தி நாலு வயதுப் பெண் குழந்தையைக் கையைப் பிடித்து நிறுத்தியிருந்தாள். குழந்தை குளிரில் நடுங்கியது.

தவமணிக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது.

“வெளிய வாங்க! எல்லாரும் மேல ஏறி வாங்க!”

“மாத்திரை கொடுத்து எடுத்தவங்க நீங்கதானே நர்ஸம்மா,” என்றாள் குழந்தையை வைத்திருந்தவள். “நாங்க திருப்பி வாங்கிக்கறோம்.”

“இன்னிக்கு ஏறுற புழுவுக்கு இன்னிக்குத்தான் வயசு. மிஷின் ஒரு நாள்னுதான் சொல்லும். முப்பது வருஷம்னு சொல்லாது. பிள்ளையைத் தூக்கு முதல்ல.”

இரண்டு பேர் மேலே வந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை. நம்பவில்லையா, நம்பினாலும் வேறு வழி தெரியவில்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. குழந்தையைத் தவமணியே இறங்கிப் போய்த் தூக்கிவந்து, தன் முந்தானையால் காலைத் துடைத்துவிட்டாள்.

மாரிக்கண்ணு வாசலில் உட்கார்ந்திருந்தார். மூச்சு விசில் மாதிரி வந்துகொண்டிருந்தது.

“அண்ணே, இந்த மாத்திரையை இப்பவே போட்டுக்கங்க. வீடு போனா போகட்டும்.”

“எங்க போகட்டும்?” மாரிக்கண்ணு சிரிக்கப் பார்த்து இருமினார். “நாப்பத்தெட்டு வருஷமா என்னை ஒண்ணும் பண்ணல நர்ஸம்மா. இன்னும் அறுபது நாள்ல என்ன பண்ணிடப் போகுது?”

“சும்மா இருக்கறவரைக்கும் ஒண்ணும் பண்ணாதுதான். உடம்புல காவல் இருக்கு, அதனால அது அடங்கிக் கிடக்கு. ஆனா மூச்சிறைப்புக்குன்னு ஒரு மருந்து இருக்கு, ஸ்டீராய்டுன்னு பேரு. அது அந்தக் காவலைத் தூங்க வச்சிடும். அப்புறம் புழு லட்சக்கணக்குல பெருகி, குடலைத் துளைச்சுக்கிட்டு நுரையீரல், மூளைன்னு எல்லா எடத்துக்கும் போயிடும். நான் பார்த்திருக்கேன். யார் என்ன கொடுத்தாலும் என்னைக் கேக்காமச் சாப்பிடாதீங்க. எனக்குச் சத்தியம் பண்ணுங்க.”

“சரிங்க.”

“சத்தியமா?”

“எஞ்சாமி சத்தியமா.”

மூச்சிறைப்புக்கு வாயில் வைத்து உறிஞ்சும் பம்ப் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு, பவளக்கொடியிடமும் இரண்டு முறை சொல்லிவிட்டு இறங்கினாள். பவளக்கொடி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் அவள் கண் மாத்திரை இருந்த தவமணியின் பையிலேயே இருந்தது. வேண்டாம் என்று சொல்வதா, கொடுங்கள் என்று கேட்பதா என்று அவளுக்கே தெரியாமல் தவித்த பார்வை அது.

ஒரு மாதம் கழித்துச் சந்தையில் மாரிக்கண்ணுவைப் பார்த்தபோது தவமணிக்கு ஆச்சரியம். ஏற்றத்தில் தலைச்சுமையோடு நடந்து வந்தார். விசில் சத்தம் இல்லை. முகம்கூட உருண்டு, கொஞ்சம் சதை போட்டிருந்தது.

“என்னண்ணே, ஆளே மாறிட்டீங்க!”

“உங்க பம்புதாங்க. நல்லா கேக்குது.”

அவள் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தைப் பிற்பாடு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துக்கொண்டாள். ஸ்டீராய்டு முகத்தை ஊத வைக்கும் என்று தெரிந்த ஒரு நர்ஸுக்கு, உருண்ட முகத்தைப் பார்த்ததுமே தோன்றியிருக்க வேண்டிய கேள்வி தனக்கு ஏன் தோன்றவில்லை என்று.

தொண்ணூறாம் நாள் செவ்வாய்க்கிழமை வந்தது. காலை ஒன்பது மணிக்கு ஒரு ஜீப் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. மாரிக்கண்ணுவை இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. உடம்பு கொதித்தது. ஆனாலும் கையில் டப்பாவை இறுக்கிப் பிடித்திருந்தார்.

“இந்தாங்க. இன்னிக்குத்தானே தேதி?”

“அண்ணே, என்ன ஆச்சு? எத்தனை நாளா இப்படி?”

“முதல்ல இதை வாங்கிப் பேரை எழுதுங்க.”

அவள் வாங்கி எழுதினாள். எழுதி முடித்து ஒட்டும்வரை அவர் கண்ணை எடுக்கவில்லை. பிறகுதான் பெஞ்சில் சாய்ந்தார். பவளக்கொடி அவர் சட்டையைத் தூக்கி வயிற்றைத் துடைத்தபோது தவமணி பார்த்தாள். இடுப்பிலிருந்து தொப்புள் வரை, சிவந்த கோடுகள், மண்புழு ஊர்ந்த தடம் மாதிரி, வளைந்து வளைந்து.

“பவளம், என்ன மாத்திரை சாப்பிட்டார்?”

பவளக்கொடி சட்டையை இழுத்து அவர் வயிற்றை மூடினாள்.

“சொல்லு!”

“நீங்க பம்பு கொடுத்துட்டுப் போன மறு வாரமே மூச்சு நின்னே போச்சுங்க. உங்களுக்குப் போன் போட்டேன், டவர் கிடைக்கல. கீழ ஒரு கிளினிக்குல காட்டினோம். ஊசி போட்டு வெள்ளை மாத்திரை கொடுத்தாரு. புழு இருக்குன்னு சொன்னா மருந்து கொடுத்து எடுத்துடுவாங்களோன்னு இவரு சொல்ல வேண்டாம்னுட்டாரு. நல்லா ஆயிடுச்சேன்னு தினம் அதையே சாப்பிட்டாரு. காய்ச்சல் வந்து எட்டு நாளாச்சுங்க. செவ்வாக்கிழமை வரைக்கும் தாங்கிடுவேன், செவ்வாக்கிழமை வரைக்கும் தாங்கிடுவேன்னே சொல்லிக்கிட்டு இருந்தாரு.”

அதே ஜீப்பில் மலை இறங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியில் இருமியதில் ரத்தம் வந்தது. டாக்டர்கள் புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள், கிருமிக்கு மருந்து கொடுத்தார்கள். குடலை விட்டுக் கிளம்பிய புழுக்கள் குடலின் கிருமியையும் ரத்தத்துக்குள் இழுத்துக்கொண்டு போயிருந்தன. இரண்டாம் நாள் நினைவு தப்பியது. வெள்ளிக்கிழமை மத்தியானம் மாரிக்கண்ணு போய்ச் சேர்ந்தார். சாவதற்கு முந்தின நாள் கொஞ்சம் தெளிந்தபோது, “சீட்டு வந்துருச்சா?” என்று ஒருதரம் கேட்டதாகப் பவளக்கொடி சொன்னாள். வந்துவிட்டது என்று அவள் பொய் சொல்லியிருக்கிறாள்.

சீட்டு திங்கட்கிழமை வந்தது. தவமணி அதை மிஷினிலிருந்து எடுத்து, படித்து, பித்தானைத் தட்டி இன்னொரு சீட்டு எடுத்துப் பார்த்தாள். மறுபடியும் அதேதான். ‘ஓடைமட்டம், 143 ஆண்டுகள்.’

விசாரணை பள்ளிக்கூட வராந்தாவில் நடந்தது. பவளக்கொடி வெறும் நெற்றியோடு தாமரையின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இளம்பரிதி இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“முதல்ல நாற்பத்தெட்டு. இப்ப நூத்தி நாற்பத்து மூணு. ரெண்டும் பொருந்தலையே மேடம்.”

“சார், மிஷின் வருஷத்தை எண்ணல. தலைமுறையைத்தான் எண்ணுது,” என்றாள் தவமணி. “ஸ்டீராய்டு ஏறின உடம்புல புழு பேய் மாதிரி பெருகியிருக்கு. நூறு வருஷத்துல விழ வேண்டிய பிழையெல்லாம் ரெண்டே மாசத்துல விழுந்திருக்கு. அதான் கணக்கு ஓடிப்போச்சு. மண்ணு அதே மண்ணுதான். பாருங்க, ஓடைமட்டம்னு இருக்கு.”

“எனக்குப் புரியுது. நான் புரிஞ்சுக்கிட்டதுன்னு எழுத அந்தப் படிவத்துல எடம் இல்ல. எஸ்டேட்டே ஆரம்பிச்சு நூத்திப் பத்து வருஷம்தான் ஆகுது. மேல அனுப்பினா சிரிப்பாங்க.”

“அப்படின்னா இதை வாங்கிக்கங்க.” தவமணி ஒரு நோட்டை மேஜைமேல் வைத்தாள். மூன்று நாளாக உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதியது. லைன், வீட்டு நம்பர், பேர். அறுபத்து மூன்று குடும்பம். முதல் பேர் பவளக்கொடி. “இவங்க உடம்புல புழு இல்லாததுக்கு நான்தான் காரணம். என் கையால மாத்திரை கொடுத்தேன். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி இவங்க இந்த வீட்டுலதான் இருந்தாங்க, அப்பவே பிறந்து வளர்ந்தவங்களா இருந்தாங்க. எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் சத்தியம் பண்றேன்.”

இளம்பரிதி நோட்டைப் புரட்டினார். அவர் காது மடல் சிவந்திருந்தது.

“இதை மேல அனுப்பறேன். நிச்சயமா அனுப்பறேன். ஆனா இந்த அம்மாவோட மனுவை இன்னிக்கு நான் நிறுத்தி வைக்க முடியாது. இன்னிக்குக் கெடு.”

அவர் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று முத்திரை வைத்தார். சத்தம் வராமல் மெதுவாக வைத்தார்.

பவளக்கொடி தாமரையின் தோளை விட்டு முன்னால் வந்து, “எத்தனை வருஷம்னு சொன்னீங்க சார்?” என்று கேட்டாள்.

“நூத்தி நாற்பத்து மூணு. ஆனா அது தப்பும்மா. மனுஷன் அவ்வளவு வருஷம்…”

“தப்பில்லீங்க. இவரோட பாட்டனுக்குப் பாட்டன் காடு வெட்ட வந்தப்ப இங்க எஸ்டேட்டே இல்லையாம். புலி இருந்துச்சாம். அவங்க வெட்டின பின்னாடிதான் தேயிலை வச்சாங்க. நீங்க கூட்டிப் பாருங்க, மிஷின் சரியாத்தான் சொல்லுது.”

அவள் அந்தச் சீட்டைத் தனக்குத் தரமுடியுமா என்று கேட்டாள். தரக்கூடாது என்றுதான் விதி. இளம்பரிதி எடுத்துக் கொடுத்தார்.

புரட்டாசி முடிவதற்குள் தாயும் மகளும் இரண்டு டிரங்குப் பெட்டியோடு திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். தவமணி அதற்குப் பிறகு மிஷின் வேலைக்குப் போகவில்லை. ஓடைச் சேற்றில் நின்ற பெண்களில் மூன்று பேருக்குப் புதிதாகப் புழு ஏறியிருந்தது. குழந்தைக்கும்தான். அவர்களுக்கு மருந்து கொடுத்து, மறுபடி பரிசோதித்து, மறுபடி கொடுத்துக்கொண்டிருந்தாள். இந்த முறை மாத்திரையை நீட்டும்போது யாரையும் அதட்டவில்லை. கை நீட்டிக் காத்திருந்தாள்.

எட்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. நோட்டில் இருந்த பேர்களை ஏற்றுக்கொள்வதாக. ஆனால் உத்தரவு தேதியில் வீட்டில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். அறுபத்து மூன்றில் நாற்பத்தோரு குடும்பம் கெடு தாண்டியும் காலி செய்யாமல் அப்படி இருந்தது. தவமணி உத்தரவை மூன்று முறை படித்துவிட்டுத் திருப்பூருக்குப் போன் போட்டாள். பின்னால் தையல் மிஷின்களின் இரைச்சல் கேட்டது.

பவளக்கொடி முழுதும் கேட்டுக்கொண்டாள். பிறகு, “நாப்பத்தோரு வீடுங்களா? நல்லதுங்க,” என்றாள். “எங்க வீட்டை இடிச்சுட்டாங்களா?”

“இல்ல பவளம். நாலாம் லைன்காரங்களுக்குக் கொடுத்திருக்காங்க. கலாமணின்னு ஒரு பொண்ணு. அவங்க வீடு மழையில ஒழுகுச்சாம்.”

“பிள்ளைங்க இருக்கா?”

“ரெண்டு. ரெண்டும் சின்னது.”

“அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணு சொல்லுங்க நர்ஸம்மா. பின்கதவைத் திறந்தா நேரா ஓடைதான். ஈரம் காயவே காயாது. பிள்ளைங்களைச் செருப்பு போடாம அந்தப் பக்கம் விடவேண்டாம்னு சொல்லுங்க.”

“சொல்றேன்,” என்றாள் தவமணி.

“மறந்துடாதீங்க,” என்றாள் பவளக்கொடி. மணி அடித்துவிட்டது, சூப்பர்வைசர் பார்க்கிறார் என்று போனை வைத்துவிட்டாள்.